பூரணியும் கெட்டிமேளமும்

கலியாண வீட்டுத் தொழிலிலை மாப்பிளை நடுங்கினால் சனம் சிரிக்கும், குதிரை நடுங்கினால் சனம் ஓடும்.

சொல்லுக் கேளாத ஒண்டை வீட்டிலை வைச்சுக்கொண்டு படுற பாடு உங்களுக்குத் தெரியாததில்லை. உங்களிட்டை ஒரு பிள்ளை இருக்கும், இல்லாட்டில் ஒரு மாமியார், அதுவும் இல்லாட்டில் காலமை ஸ்ராட் வராத ஒரு மோட்டார்சைக்கிள். எங்களிட்டை ஒரு குதிரை. நீங்கள் எல்லாரும் என்ரை ஆக்கள் எண்ட நினைப்பிலைதான் இதைச் சொல்லுறன்.

நானும் என்ரை மனிசனும் சாவகச்சேரிப் பக்கம் கலியாண வீடுகளுக்கு மணவறை, கதிரை, தகரப்பந்தல் எல்லாம் வாடகைக்குக் குடுக்கிறம். வெளிநாட்டாலை வாற ஆக்களுக்கு இப்ப மாப்பிளையைக் காரிலை கொண்டுவாறது பிடிக்கிறேல்லை. "குதிரை வண்டில் இருக்கோ?" எண்டுதான் முதல் கேள்வி. இல்லையெண்டால் மணவறையையும் வேறை ஆக்களிட்டை எடுத்துக்கொண்டு போயிடுகினம். இவர் கொஞ்சக் காலம் பொறுத்துப் பாத்தார். பேந்து ஒரு நாள் ஆரோ ஒரு தரகரோடை கதைச்சு, வண்டிலும் குதிரையுமா வாங்கிக்கொண்டு வந்திட்டார். என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறேல்லை.

வளவு மூலை

வெள்ளைக் குதிரை வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். வந்தது தவிட்டு நிறம், நெத்தியிலை மட்டும் ஒரு வெள்ளைக் கோடு. பெட்டைக் குதிரை. வந்த உடனை வளவின்ரை அந்தக் கடைசித் தொங்கலிலை, பலா மரத்துக்குக் கீழை போய், எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிண்டுது. முகத்தைப் பாக்க மற்றப் பக்கத்தாலை சுத்திப் போனன். மூக்குத்தண்டுக்குக் குறுக்காலை சவுக்கடித் தழும்பு, ஒண்டுக்கு மேலை ஒண்டு. தெற்கிலை ஒரு கடற்கரையிலை சின்னப் பிள்ளையளை ஏத்திக்கொண்டு நடக்கவிட்ட குதிரையாம். நடக்காட்டில் முகத்திலைதான் அடிக்கிறது போலை. நான் "பூரணி" எண்டு பேர் வைச்சன். அவ திரும்பியும் பாக்கேல்லை.

இவர் சவாரி மாடு வளர்த்த குடும்பம். மாட்டுவண்டில் சவாரிப் போட்டியிலை இவரின்ரை தேப்பனுக்கு ஊர் முழுக்கப் பேர். அந்த வீட்டிலை எல்லா மிருகத்துக்கும் ஒரே பாசைதான், துவரந்தடி. ஒரு கையிலை தண்ணி வாளியும் மற்றக் கையிலை தடியுமா இவர் பின்னாலை போக, பூரணி ஓடேல்லை, கத்தேல்லை, ரெண்டு பின்காலையும் தூக்கி ஒரே ஒரு உதை. வாளி வேலிக்கு மேலாலை பறந்து பக்கத்து வளவுக்குள்ளை விழுந்துது. இவர் நொண்டி நொண்டி வந்து, "அடியாத மாடு படியாது" எண்டார். "உது மாடில்லை" எண்டு நான் சொன்னன். "எதெண்டாலும் ஆவணி முகூர்த்தங்களுக்கு முதல் உது மேளத்துக்கும் வெடிக்கும் அசையாமல் நிண்டு வண்டில் இழுக்கவேணும். இல்லாட்டில் தரகர் திருப்பி எடுக்கிறன் எண்டு சொன்னவர். குடுத்துவிடுவன்" எண்டார். திருப்பிக் குடுக்கிறதெண்டால் அந்தச் சவுக்குக்குத்தான். நான் மூக்குக்கு மேலை கோவம் வாற சாதி. "அப்ப நான் பழக்கிறன்!" எண்டு சொல்லிப்போட்டன். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட ஒழுங்காக் கட்டத் தெரியாதவள் நான்.

பக்கத்து வீட்டு மனோன்மணி அக்கா எல்லாத்தையும் வேலியாலை பாத்துக்கொண்டுதான் நிண்டவ. நெளிஞ்ச வாளியை எனக்கு எட்டித் தந்துகொண்டு சொன்னா: "குதிரை குணமறிஞ்சுதான் கடவுள் அதுக்குக் கொம்பு குடுக்கேல்லை எண்டு சொல்லுறவை. உன்ரை மனிசனுக்கு ஆரடி தடியைக் குடுத்தது?"

முருங்கையிலை உத்தியோகம்

எங்கடை பக்கத்துக் கால்நடை வைத்தியர் ஒரு இளம் பிள்ளை. அவவுக்கு ரெலிபோன் எடுத்து, "டொக்டர், குதிரையைப் பழக்க முதல் என்ன செய்யவேணும்?" எண்டு கேட்டன். "ஒண்டும் செய்யாதேங்கோ அக்கா. பக்கத்திலை சும்மா இருங்கோ. அவ உங்களை ஒருக்காத் திரும்பிப் பாத்தால், நீங்கள் கொஞ்சம் பின்னுக்குப் போங்கோ. பயந்த மிருகத்துக்கு நாங்கள் விலகிறதுதான் சம்பளம்" எண்டா. கேக்க வடிவாத்தான் இருந்தது. ஆனால் சும்மா இருக்கிறது லேசுப்பட்ட வேலையோ? உங்களிலை ஆரேன் இருந்து பாத்திருக்கிறியளோ?

வாடகைக் கதிரை ஒண்டை எடுத்துக்கொண்டுபோய்ப் பலா மரத்துக்குத் தூரத்திலை போட்டு, பாதி முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தன். கை சும்மா இருக்காதெண்டு மடியிலை சுளகை வைச்சு, மத்தியானச் சோத்துக்கு வறை வறுக்க முருங்கையிலை உருவினன். றோட்டாலை போன சனம் சைக்கிளை நிப்பாட்டிப் பாத்துது. குதிரை பழக்கிறாளாம், முருங்கையிலை உருவுறாள் எண்டு ஊரெல்லாம் கதை. நாள் போகப் போக, பூரணியின்ரை ஒரு காது மட்டும் என்ரை பக்கம் திரும்பிச்சுது. காது திரும்ப நான் கதிரையைப் பின்னுக்கு இழுத்தன். பேந்து தலை திரும்பிச்சுது, பின்னையும் இழுத்தன். நான் தள்ளிப் போகப் போக அவவுக்கு, இதென்ன பொம்பிளை, என்னட்டை ஒண்டும் கேக்காமல் போறாள் எண்டு இருந்திருக்கும் போலை.

ஒரு மத்தியானம் பிடரியிலை சுடச்சுட மூச்சுப் பட்டுது. நான் அசையேல்லை. தோளுக்கு மேலாலை ஒரு பெரிய தலை வந்து, சுளகுக்குள்ளை இறங்கி, உருவி வைச்ச இலை முழுக்கத் திண்டுது. எனக்குக் கண்ணாலை தண்ணி ஓடுது, துடைக்கக் கையைத் தூக்கப் பயம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அப்பிடியே இருந்தன். அண்டைக்குச் சோத்துக் கோப்பையைப் பாத்துப்போட்டு இவர் கேட்டார்: "ஏனப்பா, வறை குதிரைக்கு, சம்பல் எனக்கோ?"

சூரியக் கும்பிடு

பூரணிக்குத் தடி மட்டுமில்லை, உயர்த்தின கையே ஆகாது. நான் கொண்டை போடக் கையைத் தூக்கினால் துள்ளி விழுவா. கொடியிலை சீலை காயப்போடப் போனாலும் அதே கூத்துத்தான். சரி, கொண்டையை அவவுக்கு முன்னாலை நிண்டு மெல்ல மெல்லப் போடப் பழகினன். ஆனால் இவரை என்ன செய்யிறது? இவர் காலமையிலை கிணத்தடியிலை முழுகிப்போட்டு, கிழக்கை பாத்து, ரெண்டு கையையும் தலைக்கு மேலை கூப்பி, "சிவசிவா" எண்டு பெலத்துச் சொல்லித்தான் சூரியனைக் கும்பிடுறவர். கை மேலை போறதும், பூரணி வளவைச் சுத்தி ஓடுறதும், என்ரை கத்தரிக் கண்டுகள் துவம்சம் ஆகிறதும் ஒரே நேரத்திலை நடக்கும்.

"இஞ்சருங்கோ, நெஞ்சுக்கு நேரை கும்பிட்டால் சூரியன் என்ன ஏற்காமலோ விடப்போறார்?" எண்டு கேட்டன். "என்ரை வளவுக்குள்ளை நான் சாமி கும்பிட உந்தக் குதிரையிட்டை அனுமதி எடுக்கவேணுமோ?" எண்டு ஒரு பாட்டம் கத்தினார். ஆனாலும் அடுத்த நாள் கை நெஞ்சோடை நிண்டுது. அவர் என்னத்தை நினைச்சாரோ தெரியாது, நான் ஒண்டும் சொல்லிக் குடுக்காமலே, கொஞ்ச நாளாலை கையை நாடிமட்டும் உயர்த்தினார். பூரணி பாத்துக்கொண்டு நிண்டா. பேந்து மூக்குமட்டும். பேந்து நெத்திமட்டும். அவ காதை நிமித்தினால் உடனை கையைக் கீழை இறக்குவார். குதிரை பழக்கிறதெண்டால் இதுதான், இதைவிட வேறை வித்தை இல்லை. தான் குதிரை பழக்கிறன் எண்டு அவருக்குத்தான் தெரியாது.

ஒரு நாள் காலமை கை முழுசாத் தலைக்கு மேலை போய்ச்சுது. "சிவசிவா" எண்டு கிணத்தடி அதிர்ந்துது. பூரணி அறுகம்புல்லைச் சப்பிக்கொண்டு நிண்டா. ஈரத் துவாயோடை இவர் என்னட்டை வந்து, பெரிய பகிடி விடுறமாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு சொன்னார்: "சூரியன் எவ்வளவு பொறுமைசாலி பாரும், இவ்வளவு நாளும் அரைக் கும்பிட்டோடை சமாளிச்சவர்."

முதல் ரசிகை

மனோன்மணி அக்காவின்ரை மனிசன் இரத்தினம் அண்ணை தவில் வித்துவான். ஆவணியிலை பூரணி நிக்கப்போறது மேளத்துக்கு முன்னாலை எண்டபடியால், அவரின்ரை காலமைச் சாதகத்திலைதான் அவவைப் பழக்கவேணும் எண்டு முடிவெடுத்தன். "அண்ணை, ஒழுங்கைத் தொங்கலிலை நிண்டு மெல்லமாத் தட்டுங்கோ. அவ அசையாமல் நிண்டால் உடனை நிப்பாட்டுங்கோ" எண்டு கேட்டன். அண்ணைக்கு முகம் கறுத்துப்போச்சு. "நான் ஆருக்கும் மெல்ல வாசிச்ச ஆளில்லை, வாசிக்கேக்கை நிப்பாட்டச் சொல்லி இண்டைவரைக்கும் ஒருத்தரும் கேட்டதுமில்லை" எண்டார். அக்கா உள்ளுக்கை இருந்து, "நான் தினமும் கேக்கிறன், உங்களுக்குத்தான் காது கேக்கிறேல்லை" எண்டா.

எண்டாலும் இளகின மனம். தவிலைத் தோளிலை மாட்டிக்கொண்டு ஒழுங்கைத் தொங்கலுக்குப் போனார். அங்கையிருந்து நாளுக்கு நாள் கிட்டக் கிட்ட வந்து, கடைசியா வேலியடிக்கு வந்திட்டார். வெடிக்காக நான் தகரத்திலை தட்டினன். பந்தல்காரர் வீட்டிலை தகரத்துக்குப் பஞ்சமோ? எல்லாம் பழகிச்சுது, கெட்டிமேளம் மட்டும் பழகேல்லை. உங்களுக்குத் தெரியும்தானே, தாலி கட்டுற நேரம் திடீரெண்டு எல்லாம் சேந்து முழங்கிற சத்தம். அதுக்கு மட்டும் பூரணி நடுங்குவா. அதாலை நான் ஒரு வேலை செய்தன். அண்ணை கெட்டிமேளம் தட்டின உடனை ஒரு துண்டு பனங்கட்டி அவவின்ரை வாயிலை. தட்டினால் பனங்கட்டி, தட்டினால் பனங்கட்டி.

கொஞ்ச நாளிலை நடுக்கம் போய், கெட்டிமேளம் கேட்டால் எங்கை நிண்டாலும் வேலியடிக்கு ஓடிவந்து, மேல் உதட்டை நீட்டிக்கொண்டு நிக்கத் தொடங்கினா. எனக்குப் பெருமை எண்டால் சொல்லேலாது. அண்ணைக்கு என்னைவிடப் பெருமை. வேட்டித் தலைப்பாலை கண்ணைத் துடைச்சுக்கொண்டு சொன்னார்: "எத்தினை கோயிலிலை வாசிச்சிருப்பன் தங்கச்சி, என்ரை கெட்டிமேளத்துக்கு ஆசைப்பட்டு ஓடிவந்த முதல் ரசிகை உவதான்."

வடிவுக்கு ஒரு தடி

வண்டிலைப் பூட்ட முதல் ஒரு பழைய ரயரைக் கயித்திலை கட்டி இழுக்கவிட்டம். பேந்து வெறும் வண்டில். அதுகும் பழகின பிறகு, கிட்டடியிலை ஒரு சாமத்திய வீட்டுக்கு, பெரியபிள்ளையான பெட்டையை ஏத்திக்கொண்டு போக ஒத்துக்கொண்டம். வெளிக்கிடுற நேரம் பூரணி வாசல் படலையடியிலை கல்லுப்போலை நிண்டிட்டா. கூப்பிட்டுப் பாத்தன், கெஞ்சிப் பாத்தன், அசைவில்லை. திரும்பிப் பாத்தால் இவர் வண்டில் ஆசனத்துக்குப் பக்கத்திலை துவரந்தடியை நட்டு வைச்சிருக்கிறார், நுனியிலை ஒரு சிவப்பு றிபனும் கட்டி! "அடிக்க இல்லையப்பா, வடிவுக்கு" எண்டார். முதுகுக்குப் பின்னாலை ஒளிச்சுப் பாத்தார். ஆசனத்துக்குக் கீழை வைச்சுப் பாத்தார். அவ இம்மியும் நகரேல்லை. கடைசியிலை ஒரு பெருமூச்சு விட்டுப்போட்டுத் தடியைக் கிணத்தடி வாழைக்குள்ளை எறிஞ்சார். விழுந்த சத்தம் கேட்டதுதான், பூரணி நடக்கத் தொடங்கினா.

போன இடத்திலை எல்லாம் வடிவா நடந்துது. ஆனால் வாசலிலை நிறைகுடம் வைச்சிருந்தவை. புதுசாப் பிடுங்கின மாவிலை, பச்சைப் பசேலெண்டு. பூரணி நிறைகுடத்துக்கு முன்னாலை ஒருக்காத் தலையைக் குனிஞ்சா. "பாருங்கோ, குதிரை கும்பிடுது" எண்டு ஆரோ சொல்லி முடிக்கேல்லை, மாவிலை முழுக்க வாய்க்குள்ளை. நிறைகுடத்திலை மொட்டைத் தேங்காய் மட்டும் குந்திக்கொண்டிருக்கு. நான் வெக்கத்திலை சீலைத் தலைப்பாலை முகத்தை மூடினன். பிள்ளையின்ரை தாய் சிரிச்சுச் சிரிச்சு ஏலாமல் கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னா: "பறவாயில்லை அக்கா, தேங்காயையாவது எங்களுக்கு விட்டவ, எங்கடை சொந்தக்காரர் அதையும் விடாயினம்."

தரகர்

அந்தச் சாமத்திய வீட்டு வீடியோவை ஆரோ போனிலை போட்டிருக்கினம். அதைப் பாத்துப்போட்டுத் தரகர் வந்திட்டார். தான் தந்த குதிரை இப்பிடிச் சாதுவா நிக்குது எண்டு அவருக்குப் பொறுக்கேல்லை. திருப்பித் தந்தால் முந்தியைவிடக் கூடத் தருவன் எண்டார். பல்லுப் பாக்கிறன் எண்டு கிட்டப் போய்க் கையை ஓங்கினதுதான், பூரணி விறுக்கெண்டு வந்து எனக்குப் பின்னாலை ஒளிஞ்சா. இவ்வளவு பெரிய உடம்பு என்னட்டை ஒளிக்குமோ? தலையை மட்டும் என்ரை முதுகிலை புதைச்சுக்கொண்டு நிண்டா. எனக்கு நெஞ்சு கொதிச்சுது. "விக்கிறதுக்கில்லை, போங்கோ" எண்டன். இவர் மட்டும் பட்டும்படாமல், "ஆவணி முடியட்டும் பாப்பம்" எண்டு சொல்லிவிட்டார். தரகர் மோட்டார்சைக்கிளை ஸ்ராட் பண்ணிக்கொண்டு என்னைப் பாத்து ஒரு சிரிப்பு: "அக்கா, பயம் இருக்கிற குதிரையை எவனும் ஓட்டுவான், பயம் விட்ட குதிரை எங்கை போகுமெண்டு கடவுளுக்கும் தெரியாது."

ஆவணி முகூர்த்தம்

கொடிகாமப் பக்கம் கலியாணம், மாப்பிளை கனடா. கோயிலிலை இருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். முன்னாலை இரத்தினம் அண்ணையின்ரை மேளம், தலைக்கு மேலை இலையான் இரையிற மாதிரி ட்ரோன், பக்கத்திலை தட்டம் தூக்கின பொம்பிளையள். வண்டிலிலை தலைப்பாகையோடை மாப்பிளை, பின்னாலை இவர், பூரணியின்ரை தலைக்குப் பக்கத்திலை பட்டுச் சீலையோடை நான். பாதி வழியிலை மாப்பிளையின்ரை சிநேகிதன் ஒருத்தன் சீனவெடிக் கட்டொண்டைக் கொளுத்தி வண்டில் சில்லுக்குப் பக்கத்திலை போட்டுவிட்டான். தகரம் எங்கை, சீனவெடி எங்கை! பூரணியின்ரை தோல் முழுக்க அலையடிச்சுது, கண் வெள்ளை தெரிஞ்சுது. ஓடினா எண்டால் முன்னாலை நிக்கிற பொம்பிளையள் சட்னிதான். "அன்ரி, நான் குதிக்கட்டோ?" எண்டு மாப்பிளை மேலையிருந்து குழறுறான். என்ரை கை தன்பாட்டிலை கயித்தை இறுக்கப் போச்சு. இறுக்கினால் என்ரை பயம் கயித்து வழியா அவவுக்குப் போகும் எண்டு டொக்டர் பிள்ளை சொன்னது அந்தநேரம் எப்பிடித்தான் ஞாபகம் வந்துதோ, இளக்கிவிட்டன். "நான் நிக்கிறன், நீயும் நில்லு ராசாத்தி" எண்டு மட்டும் சொன்னன். அவ நெத்தியைக் கொண்டுவந்து என்ரை நெஞ்சிலை முட்டிக்கொண்டு, வெடி முழுக்க முடியுமட்டும் நடுங்கி நடுங்கி நிண்டா. ஒரு அடி எடுத்து வைக்கேல்லை. நான் நடு றோட்டிலை, கலியாண ஆக்கள் எல்லாரும் பாக்க, விக்கி விக்கி அழுதன். இப்ப நினைச்சாலும் அழுகை வருது.

அதோடை நிண்டிருந்தால் நல்லது. மண்டபத்து மரநிழலிலை பூரணியை வண்டிலோடை விட்டுப்போட்டு நானும் இவரும் தேத்தண்ணி குடிக்கப் போனம். கட்டேல்லை. கட்டாமல் நிப்பா எண்ட திமிர் எனக்கு. உள்ளுக்கை ஐயர் தாலியை எடுத்துக் குடுத்தார், "கெட்டிமேளம், கெட்டிமேளம்" எண்டினம், இரத்தினம் அண்ணை முழக்கினார், ஸ்பீக்கர் எல்லாம் அதிருது. ஐயோ கடவுளே எண்டு எனக்கு அப்பதான் உறைச்சுது. கோப்பையைப் போட்டிட்டு ஓடினன். ஆர் கண்டது, எனக்கு முன்னாலை அவ போயிட்டா. வாசல் நிலையிலை வண்டில் இறுகி நிக்குது, பூரணி முழுசா மண்டபத்துக்குள்ளை. பூவும் அட்சதையும் எறியிற நூறு கை மேலை போகுது, அவ ஒண்டையும் கணக்கெடுக்கேல்லை, இரத்தினம் அண்ணையைப் பாத்து மேல் உதட்டை நீட்டிக்கொண்டு பனங்கட்டிக்குக் காத்து நிக்கிறா. வீடியோக்காரன் கமராவை அவவின்ரை பக்கம் திருப்பினவன் திருப்பினவன்தான், தாலி கட்டினதைக் கோட்டைவிட்டிட்டான்.

கலியாணப் பொம்பிளையின்ரை தேப்பன், சால்வையைச் சரிசெய்துகொண்டு எழும்பி எங்களிட்டை வந்தார். முடிஞ்சுது, இனித் தொழிலே இல்லை எண்டு நினைச்சன். அவர் பூரணியை மேலும் கீழும் பாத்தார், கையிலை மிச்சம் இருந்த அட்சதையை அவவின்ரை தலையிலையும் போட்டார், என்னைப் பாத்துச் சொன்னார்: "முப்பத்துமுக்கோடி தேவரையும் வரச்சொல்லி ஐயர் மந்திரம் சொன்னவர் பிள்ளை, ஒராளெண்டாலும் நேரை வந்தது சந்தோசம்."

பலகை

மற்ற ஆக்கள் சிரிச்சாலும் இவர் சிரிக்கேல்லை. வீட்டை வந்து வண்டிலை அவிழ்க்கேக்கை சொன்னார்: "இண்டைக்குப் பகிடியாப் போச்சு. அந்த வாசலிலை ஒரு குழந்தைப் பிள்ளை நிண்டிருந்தால் என்ன கதி? தரகருக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்." அவர் சொல்லுறதிலை பிழையில்லை. பனங்கட்டி குடுத்தது நான், கட்டாமல் விட்டது நான், போகப்போறது அவ.

அடுத்த நாள் தரகர் லொறியோடை வந்தார். பலகையைச் சரிவாப் போட்டு, "அண்ணை, தடியொண்டு எடுங்கோ, உது லேசிலை ஏறாது" எண்டார். "என்ரை கையாலை ஏத்தமாட்டன், நீங்களே ஏத்துங்கோ" எண்டு இவருக்குச் சொல்லிப்போட்டு நான் குசினிக்குள்ளை போய் நிண்டன். ஆனாலும் கண் கேக்குதோ, யன்னலாலை பாத்தன். இவர் தடி எடுக்கேல்லை. கயித்தை இளக்கிப் பிடிச்சுக்கொண்டு முன்னாலை பலகையிலை ஏறினார். பூரணி பலகையை மணந்து பாத்தா. ஒரு காலை வைச்சா, பலகை கிறீச்சிட்டுது, நிண்டிட்டா. இவர் இழுக்கேல்லை, அரை அடி பின்னுக்குப் போனார். அவ மற்றக் காலையும் வைச்சா. அவர் பின்னையும் கொஞ்சம் பின்னுக்குப் போனார், அவ பின்னையும் கொஞ்சம் ஏறினா. இவ்வளவு நாளும் அவவைக் காப்பாத்த எண்டு நான் சொல்லிக் குடுத்ததெல்லாம், இப்ப அவவை ஒரு சத்தமும் இல்லாமல் சவுக்குக்காரனிட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்குது. பயம் விடாமல் இருந்திருந்தால் உதைச்சாவது தப்பியிருப்பா.

பாதிப் பலகையிலை நிண்டுகொண்டு அவ தலையை நீட்டி, மூக்கை இவரின்ரை நெஞ்சுச் சேட்டிலை வைச்சா. இவர் நிண்டார். "என்ன அண்ணை யோசிக்கிறியள், இன்னும் கொஞ்சம்தானே" எண்டார் தரகர். இவர் அவவின்ரை மூக்குத்தண்டிலை, அந்தத் தழும்புக்கு மேலை, கையை வைச்சார். பேந்து, நெஞ்சிலை கையைக் குடுத்து அவவை மெல்ல மெல்லப் பின்னுக்கு எடுத்து இறக்கி, பலா மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். குசினி யன்னலைத் தாண்டேக்கை என்னைப் பாக்காமல் சொன்னார்: "அடிச்சு ஏத்திறதெண்டால் ஏத்தியிருப்பனப்பா, உது என்னை நம்பியெல்லே ஏறுது."

ஆகவே சனங்களே, எங்களிட்டை மணவறை, கதிரை, பந்தல் எல்லாம் எந்த நாளும் வாடகைக்கு எடுக்கலாம், குதிரையைக் கேட்டியளெண்டால் மட்டும் நாங்கள் அவவிட்டைக் கேட்டுப்போட்டுத்தான் சொல்லவேணும்.